ஒரு அறைக்கு எத்தனை லிட்டர் பெயின்ட்?

பெயின்ட் கடையில் பலரும் முதலில் சொல்வது தரையின் அளவை: "12-க்கு 10 ரூம்." ஆனால் பெயின்ட் குடிக்கப்போவது சுவர். அந்த அறையின் சுற்றளவு 44 அடி; உயரம் 10 அடி என்றால் சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரண்டு ஜன்னலுக்கும் சுமார் 50 சதுர அடி கழித்தால் மீதி 390. டப்பாவில் 'இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி' என்றிருந்தால் மூன்றேகால் லிட்டர் வேண்டும். நான்கு லிட்டர் டப்பா போதும். சீலிங் கணக்கு தனி.

சில வீடுகளில் இந்தக் கணக்கு ஏன் பொய்க்கிறது?

ஒரு லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப் படலத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். நீர் ஆவியானதும் அது பாதிக்கும் கீழே மெலிகிறது. பட்டி பார்க்காத, பிரைமர் அடிக்காத சிமென்ட் பூச்சின் நுண்துளைகள் அதையும் உறிஞ்சிவிடும். சொரசொரப்பான சுவருக்கோ, டேப்பில் அளந்ததைவிட உண்மைப் பரப்பு அதிகம்.

நிறமும் முக்கியம். வெள்ளையிலும் வெளிர் நிறங்களிலும் டைட்டானியம் டைஆக்சைடு நிறைய இருக்கும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, பெயின்டைப் பிடித்துவைக்கும் பிசினுக்கோ 1.5 அளவுதான். இந்த இடைவெளியால் ஒளி நன்கு சிதறி, பழைய நிறம் மறைகிறது. அடர் மஞ்சள், சிவப்பு பெயின்டுகளில் இந்த வெள்ளைப் பொடி குறைவு. மூன்றாவது கோட்டும் தேவைப்படலாம்.

கடையில் கலக்கும் நிறம் டப்பாவுக்கு டப்பா இம்மியளவு மாறக்கூடும். அதனால் ஒரே அறைக்கான பெயின்டை மொத்தமாக வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்து அடிப்பது நல்லது.