முன்கதையின் கடனைத் தீர்க்கும் பின்கதை

வெற்றி பெற்ற படத்திற்கு இரண்டாம் பாகம் எடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பழைய பெயரை மட்டும் விற்கும் படங்களும் அவற்றுள் உண்டு. முன்கதை நம் மனத்தில் விட்டுச்சென்ற கேள்வியை ஏற்று நடத்துவதே பின்கதையின் கடமை என்பது நம் கருத்து.

அந்த உரைகல்லில் தேறிய படமொன்று நம் இடுக்கி மண்ணிலேயே பிறந்தது. 2013-இல் வெளிவந்த ‘திருஷ்யம்’ ராஜாக்காட்டில் நிகழும் கதை. தொடுபுழைப் பக்கத்தில் படமாக்கப்பட்டது. குடும்பத்தைக் காக்க ஒரு தந்தை பொய்மேல் பொய்யாக அடுக்குகிறான். அவன் சாமர்த்தியத்திற்கு நாமெல்லாம் கைதட்டினோம். டைரக்டர் ஜீத்து ஜோசப்பே 2015-இல் கமல்ஹாசனைக் கொண்டு அதைப் ‘பாபநாசம்’ எனத் தமிழில் தந்தார்.

2021-இல் அமேசான் பிரைம் வழியே வீடு தேடி வந்த ‘திருஷ்யம் 2’ நம் கைதட்டலையே விசாரிக்கிறது. தந்தை இப்போது தியேட்டர் முதலாளி. மகளோ காவலரைக் கண்டாலே நடுங்குகிறாள். அன்று துணைநின்ற ஊரார் இன்று புறம் பேசுகின்றனர். சட்டத்திற்குத் தப்பியவன் அச்சத்திற்குத் தப்பவில்லை. முற்பகுதி மெதுவாக நகர்வதும், முடிவு நம்பிக்கையைச் சற்றே சோதிப்பதும் குறைகளே. மோகன்லாலின் அடக்கமான நடிப்பு அவற்றைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது.

‘பாபநாச’த்திற்குப் பின்கதை வரவில்லை. ஆயினும் பாலக்காடு முதல் மூணாறு வரை வாழும் நமக்கு அது ஒரு தடையன்று. மலையாளம் பயின்ற பிள்ளைகள் அருகிருந்து பெரியோருக்குச் சொற்பொருள் கூறட்டும். படம் முடிந்ததும், “அப்பா செய்தது சரிதானா?” என்று அவர்கள் கேட்கக்கூடும். அந்த வினாவைத் தட்டிக்கழிக்காது, குடும்பமாக அமர்ந்து பேசுவோமாக.