பெட்டியில் 750, லேபலில் எத்தனை?

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ கடைக்குப் போய், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு தாங்கும் பவர் சப்ளை ஒன்று கேட்டால் முதலில் வாட் கணக்குத்தான் வரும். "750 வாட் தம்பி, எந்தக் கார்டையும் இழுக்கும்." அந்த எண்ணுக்காகக் காசை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் லேபலை வாசியுங்கள்.

அதில் +12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். புரொசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அங்கிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 62 அம்பியர் என்றால் 744 வாட். கடைக்காரர் சொன்னது சரி. 38 அம்பியர் என்றால் 456 வாட்தான், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும். பெயருக்கு 1000 வாட் என்பதைவிட, சொன்னதைத் தரும் 650 வாட்டே மேல் என்பேன்.

'80 பிளஸ் கோல்ட்' முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் இரண்டும் கோல்ட் முத்திரை பெற்றவைதான். அவை சோதனைகளில் வெடித்தது 2021இல் பெரிய பேச்சானது. 850 வாட் மாடலில் மிகைச்சுமைப் பாதுகாப்பு 1020 முதல் 1300 வாட் வரை போன பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஓகஸ்டில் நிறுவனம் எல்லையை 950 முதல் 1050 வாட்டாக இறக்கி, பழையவற்றை மாற்றித் தர முன்வந்தது.

நம் கரையோரத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. உப்புக் காற்றில் ஏர்த் கம்பியும் இணைப்பும் துருப்பிடித்து விட்டுப்போகும். அப்போது கம்பியூட்டர் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும். பவர் சப்ளையின் வடிகட்டிக் கொள்ளளவிகள் வழியாகக் கசியும் மின்சாரம் அது. அளவில் சிறியதுதான். ஆனால் உள்ளே பழுது ஏற்படும் நாளில் முழு 230 வோல்ட்டும் அந்தப் பெட்டிக்கு வரலாம். பிள்ளைகள் தொடும் இடம் அது. மின்னியலாளரை அழைத்து ஏர்த்தைப் பாருங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். பழைய சப்ளையின் பின்புறம் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230இல் நிற்க வேண்டும். 115இல் விட்டுப் போட்டால் அந்த நொடியே வெடிக்கலாம்.

வாங்கும்போது பற்றுச்சீட்டில் மாடல் பெயரையும் வாறண்டிக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உத்தரவாதத்துக்கு மாறான பொருள் என்று விசாரணையில் தெரிந்தால், மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கடையில் பலகை தொங்குகிறதே என்று பேசாமல் வந்துவிடாதீர்கள். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்; சட்டம் அதற்கு 3 மாத எல்லை வைத்திருக்கிறது. வழி கேட்க அதிகார சபையின் 1977 என்ற எண்ணை அழைக்கலாம்.

எரிந்துபோன சப்ளையை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். திறந்தால் வாறண்டியும் போய்விடலாம். லேபலையும் பற்றுச்சீட்டையும் படம் எடுத்து, பொருளை அப்படியே பெட்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள்.