நீறு பூத்த நெருப்பா, வெறுஞ் சாம்பலா?

தெஹிவளையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றிலே நம் நண்பர் ஒருவர் குடியிருக்கின்றார். உயர்தர வகுப்பிற் பயிலும் அவருடைய மைந்தனுக்குக் கழுத்திலே வீக்கம் கண்டது. சோதித்த வைத்தியர்கள் அதனை ஹொட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்றனர். இரண்டு மாதம் மருந்தேற்றிய பின் வீக்கம் வற்றியது. வீட்டாருக்கும் மூச்சு வந்தது. அவ்வேளையில் வைத்திய நிபுணர், "இனி ஒரு பெற் ஸ்கான் எடுத்துப் பார்ப்போம்" என்று கூறவே வீடு மறுபடியும் கலங்கிப்போயிற்று.

"கட்டிதான் கரைந்துவிட்டதே அண்ணா, பிறகேன் தம்பிக்கு இன்னொரு படம்? நோய் பரவியதை எங்களுக்கு ஒளிக்கிறார்களோ?" என்று அன்னையார் நம்மிடம் கேட்டார்.

புற்றுநோய் புகுந்த வீடுகள் பலவற்றிலும் எழும் ஐயம் இது. படம் என்றாலே நோயைத் தேடிப் பிடிப்பதற்கு என்றுதான் நாம் எண்ணிப் பழகியிருக்கின்றோம். நடுவழியில் எடுக்கப்படும் இப்படத்தின் வேலையோ வேறு. இனி எந்த மருந்தைக் கூட்டலாம், எதனைக் கைவிடலாம் என்று முடிவு செய்வதற்கு அது வழிகாட்டுகின்றது.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படமும் சீ.டி. ஸ்கானும் கட்டியின் உருவத்தையும் அளவையும் காட்டுவன. மருந்துக்குப் பின் நெஞ்சுக்குள் ஒரு தடிப்பு எஞ்சி நின்றால், அது உயிருள்ள நோயா, நோய் மடிந்த இடத்துத் தழும்பா என்று அவற்றால் எளிதிற் சொல்ல இயலாது. அடுப்பிலே கிடப்பது நீறு பூத்த நெருப்பா, வெறுஞ் சாம்பலா என்பதைக் கண்ணாற் பார்த்து அறிய முடியுமா? கையை அருகே கொண்டுபோனாலன்றோ சூடு தெரியும்!

அந்தச் சூட்டை அறியும் வழி சீனியிலே இருந்தது. புற்றுக் கலங்கள் குளுக்கோஸை அளவுக்கு மிஞ்சி உண்கின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அக்குளுக்கோஸில் கதிரியக்கமுள்ள புளோரீன்-18ஐச் சேர்த்து நாளத்தில் ஏற்றினால், பசித்த கலங்கள் அதனை வாரி எடுத்துக்கொள்ளும். வெளிப்படும் கதிர்களை யந்திரம் பிடித்துப் படமாக்கும். இப்பொருள் 110 நிமிடத்திற் பாதியாகக் குறைந்துவிடும். 1976இல் முதன்முதலாக மனிதருக்கு இதனைச் செலுத்தியபோது, நியூயோர்க்கின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்திலிருந்து பிலடெல்பியாவுக்கு விமானத்தில் விரைந்து கொண்டு சென்றார்கள்.

சரி, படம் எடுத்தாயிற்று. அதனால் மருந்து மாறுமா? பிரித்தானியா, இத்தாலி, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் வைத்தியர்கள் கூடி நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. முற்றிய ஹொட்ஜ்கின் நோயாளர் 1,119 பேருக்கு இரண்டு சுற்று மருந்தின் பின் பெற் ஸ்கான் எடுத்தனர். 937 பேரின் படத்தில் நெருப்பு அணைந்திருந்தது. இவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நான்கு மருந்துகளையும் தொடர்ந்தனர். மற்றப் பிரிவினருக்குப் பிளியோமைசின் என்னும் ஒன்றை நிறுத்தினர். நுரையீரலைக் கெடுக்கவல்ல மருந்து அது. மூன்றாண்டுகளின் பின் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்கு 85.7, இரண்டாவதில் 84.4. வித்தியாசம் அற்பமே, நுரையீரற் கேடோ குறைந்தது. நெருப்பு இன்னும் கனன்றவர்களுக்குக் கடுமையான மருந்து கொடுக்கப்பட்டது.

பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது சிறு விஷயமா? நோய் நீங்கிய பின் ஐம்பது அறுபது ஆண்டுகள் அவன் அந்த நுரையீரலைக் கொண்டுதானே மூச்சு விட வேண்டும்!

ஆயினும் படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்றன்று. காசநோயும் ஏனைய அழற்சிகளும் சீனியை உண்ணும். ஐயம் எழுந்தால் ஊசியினாற் சதையெடுத்துப் பார்ப்பதே முறை. ஈரலின் ஒளியோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடும் வழக்கமும் உண்டு. அறிக்கையிற் காணும் அந்த எண்ணைப் பார்த்துத் தாமே தீர்ப்புக் கூறாமல் வைத்தியரைக் கேட்பது நலம்.

யந்திரத்தின் விலையோ பெரிது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஒன்று வேண்டுமென்று 2016இல் கதீஜா மன்றத்தார் 20 கோடி ரூபாய் திரட்டப் புறப்பட்டபோது, இன மத பேதமின்றி மக்கள் கொடுத்தார்கள். இந்நாட்டில் அடிக்கடி காணக் கிடையாத காட்சி அது.

இவ்வளவையும் கேட்ட அன்னையார், "அப்படியென்றால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்றார். படத்துக்கு முன் ஆறு மணி நேரம் உணவு கூடாது, தண்ணீர் குடிக்கலாம். முதல் நாளே ஓடி விளையாடுவதை நிறுத்த வேண்டும். உழைத்த தசையும் சீனியை இழுத்துக்கொள்ளும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் அசையாமல் கிடக்க வேண்டும். நீரிழிவு இருப்பின் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

"காலையில் அவனுக்குச் சீனி போட்ட பால்தேத்தண்ணி இல்லாமல் முடியாதே!" என்றார் அன்னையார். ஒருநாள் மட்டும் அதனைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போய், படம் முடிந்தபின் கொடுக்குமாறு கூறி விடைபெற்றோம்.