பாறைக்காகக் குடிவந்தவர்கள்

மோவாப் ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டில் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். போகிற வண்டிகளில் பாதிக்குப் பின்னால் சைக்கிள் தொங்கும். சிலவற்றின் தலையில் படகு கட்டியிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு மணற்கல் சுவர்கள். யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி வெறும் 5,366. வருகிறவர்களோ லட்சக்கணக்கில். ஊரை ஒட்டியிருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு மட்டும் 2021-ல் சுமார் 18 லட்சம் வருகைகள் பதிவாயின.

பிடித்த விளையாட்டு வாசலிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக நல்ல வேலையை விட்டுவிட்டுச் சின்ன ஊருக்குக் குடிபோகிறவர்கள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். டெல்லுரைடு, பெண்ட் என்று எத்தனையோ ஊர்கள் அவர்களால் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் மோவாப்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஊர் இரண்டு முறை நிரம்பியது; நடுவில் ஒரு முறை காலியானது. அந்தக் காலி வருடங்களில்தான் இன்றைய மோவாப் பிறந்தது.

1950-ல் இங்கே 1,300 பேர்கூட இல்லை. மாடு வளர்ப்பும் பழத்தோட்டமும்தான் பிழைப்பு. 1952 ஜூலையில் எல்லாம் மாறியது. சார்லி ஸ்டீன் என்ற டெக்சாஸ்காரர், நிலவியல் படித்தவர், மனைவியையும் நான்கு சின்னப் பையன்களையும் தார் அட்டை வேய்ந்த ஒரு குடிசையில் வைத்துக்கொண்டு யுரேனியம் தேடி அலைந்தார். கைகர் கவுண்டர் வாங்கக்கூட அவரிடம் காசில்லை. மோவாபுக்குத் தென்கிழக்கே லிஸ்பன் பள்ளத்தாக்கில் அவர் இறக்கிய துளைக்கருவி 197 அடியில் உடைந்துபோனது. அவர் தேடியது மஞ்சள் தாது. வெளியே வந்திருந்ததோ கருத்த கல். உடைந்த கருவியோடு அந்தக் கல்லையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு திரும்பினார். வழியில் சிஸ்கோ என்ற சிற்றூரின் பெட்ரோல் பங்கில் ஒருவர் கைகர் கவுண்டரை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஸ்டீனின் கல்லருகே அதைக் கொண்டுபோனதும் முள் எல்லையைத் தாண்டி ஓடியது. துளைக்கருவி உடைந்த அந்தப் பள்ளத்தாக்கில் அவர் தோண்டிய சுரங்கத்தின் பெயர் மி விடா. ஊருக்கு மேலே குன்றின் மீது அவர் கட்டிய மாளிகை பிற்காலத்தில் உணவகமாயிற்று.

பத்தே ஆண்டுகளில் மக்கள்தொகை மூன்று மடங்குக்கு மேல் பெருகி 4,600-ஐத் தாண்டியது. இத்தனை பேருக்கு வீடு எங்கே? கூடாரத்தில் தூங்கினார்கள். லாரியின் பின்னால் டிரெய்லர் வீட்டை இழுத்து வந்து, கிடைத்த இடத்தில் நிறுத்தினார்கள். ஆற்றங்கரையில் 1956-ல் ஒரு பெரிய யுரேனிய ஆலை ஓட ஆரம்பித்தது. அதே வருடம், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஆர்ச்சஸில் பருவகால ரேஞ்சராக வேலைக்குச் சேர்ந்து, அவரும் ஒரு டிரெய்லரில் தங்கிய இளைஞர் எட்வர்ட் ஆபி. அந்த அனுபவத்தை வைத்து 1968-ல் அவர் எழுதிய ‘டெசர்ட் சாலிட்டேர்’ நூலில், பூங்காவுக்குள் தார்ச்சாலை போட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பாலைவனத்தின் தனிமை போய்விடும் என்று மன்றாடியிருந்தார். அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டே இந்தப் பக்கம் வந்தவர்கள் உண்டு.

1979-ல் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்துக்குப் பிறகு யுரேனியச் சந்தை சரிந்தது. 1984-ல் மோவாப் ஆலை மூடப்பட்டது. சம்பளம் போனவர்கள் வீட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். வாங்க ஆளில்லாமல் அப்படியே விட்டுப் போனவர்களும் உண்டு. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் எல்லையருகே நாட்டின் அணுக்கழிவைப் புதைக்கும் யோசனை அப்போது பரிசீலனையில் இருந்தது. பிழைப்பு வேண்டுமே என்று அதை ஆதரித்த உள்ளூர்க்காரர்களை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

மாற்று வழியைத் திறந்தது ஒரு சைக்கிள் கடை. பில், ராபின் குரோஃப் சகோதரர்கள் 1983-ல் ரிம் சைக்ளரி என்ற கடையைத் திறந்தார்கள். மவுண்டன் பைக் அப்போதுதான் கடைகளில் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தது. அதை ஓட்டத் தோதான பாதை ஊருக்கு மேலே தயாராக இருந்தது: 1969-ல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகக் குறிக்கப்பட்ட ஸ்லிக்ராக் பாதை.

அந்தப் பாதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே மண்ணே கிடையாது. டைனோசர் காலத்து மணல்மேடுகள் அப்படியே இறுகிக் கல்லானவை. மேடும் பள்ளமுமாக, உறைந்துபோன அலைகளைப் போலக் கிடக்கின்றன. பாறையின் மேல் வெள்ளைச் சாயத்தில் சின்னச் சின்னக் கோடுகள். கண் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போனால் வழி கிடைக்கும். விட்டுவிட்டால் ஏதோ ஒரு விளிம்பில் போய் நிற்போம், கீழே நூற்றுக்கணக்கான அடி பள்ளம். கல்லின் மேற்பரப்பு உப்புத்தாளைப் போல் சொரசொரவென்று இருப்பதால் ரப்பர் டயர் கவ்விப் பிடிக்கிறது. மண்பாதையில் நினைத்துப் பார்க்க முடியாத ஏற்றத்தையெல்லாம் சைக்கிள் ஏறிவிடுகிறது. மொத்தச் சுற்று பத்து மைலுக்குச் சற்று அதிகம். பழகியவர்களுக்கே மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். வெயில் ஏறிவிட்டால் பாறை அனலாய்க் கொதிக்கும். அதனால்தான் அந்த ஆறரை மணி அவசரம்.

1986-ல் மவுண்டன் பைக் விழா தொடங்கியது. பத்திரிகைகளில் படம் வந்தது. ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போக வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. காலையில் படகு வழிகாட்டி, மாலையில் உணவகத்தில் பரிமாறுதல் என்று இரண்டு வேலை பார்த்தார்கள். வசதியில்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒரு கூரை கிடைத்தது. சுரங்கத் தொழிலாளி விட்டுப்போன வீடு, அவர் விட்டுப்போன டிரெய்லர், அடிமாட்டு விலைக்கு. துணிச்சலும் ஆசையும் மட்டும் இருந்தால் சின்ன ஊரில் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாம் என்று இன்று பேசுகிறவர்கள், அந்தத் தலைமுறையின் கணக்கில் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். ஒரு தொழில் செத்ததால் காலியான வீடுகளில்தான் அவர்கள் கனவு குடியேறியது.

அந்தக் காலி வீடுகள் இப்போது இல்லை. புதிதாகக் கட்டவும் இடம் இல்லை. மோவாப் இருக்கும் கிராண்ட் கவுண்டியில் 90 சதவீதத்துக்கும் மேலான நிலம் மத்திய அரசு, மாநில அரசு, பழங்குடி மக்கள் ஆகியோரின் கையில் இருக்கிறது. தனியாருக்கு மிஞ்சுவது ஆற்றோரத்துப் பள்ளத்தாக்கில் ஒரு துண்டுதான். வேலியில்லாத, யாரும் கேட்காத அந்தப் பொதுநிலம்தான் எல்லோரையும் இங்கே இழுக்கிறது. வீடு கட்ட மனை இல்லாமல் செய்வதும் அதுவேதான். இருக்கும் துண்டு நிலத்துக்கு ஓட்டல்காரர்களும், நாள்வாடகைக்கு வீடு விடுகிறவர்களும், வருடத்தில் சில வாரங்கள் வந்து தங்க இரண்டாவது வீடு வாங்குகிறவர்களும் போட்டி போட்டார்கள். 2020-க்குப் பிறகு, மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஆனவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெருநகரச் சம்பளத்தோடு வருகிறவரோடு, அறை துடைப்பவரும் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவரும் எப்படிப் போட்டி போட முடியும்?

ஆகவே வேனில் படுக்கிறார்கள். ஓய்வுக்காக வேனில் ஊர் சுற்றுகிறவர்களைச் சொல்லவில்லை. மாலை ஷிஃப்ட் முடித்து, ஊருக்கு வெளியே பொதுநிலத்தில் வண்டியை நிறுத்திப் படுத்து, விடிந்ததும் மறுபடி வேலைக்கு வருகிறவர்களைச் சொல்கிறேன். 1955-ல் டிரெய்லரில் இருந்த யுரேனியத் தொழிலாளிக்கு நல்ல சம்பளமாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. தன் அழகைக் காட்டிச் சம்பாதிக்கும் ஊர், அந்த அழகைக் காட்ட உதவுகிறவர்களுக்கு ஒரு சுவரும் கதவும் தர முடியாமல் இருப்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. பாறையைத் தொட்டுக்கொண்டு வாழ வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் அதே அளவு உண்டு.

பழைய குடிகளின் புலம்பல் வேறு. அமைதிக்காக வந்தவர்கள் தெருவில் இரையும் நாலுசக்கர பக்கிகளின் சத்தத்தைத் தடுக்க நகர மன்றத்தில் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். ஆர்ச்சஸில் நெரிசல் தாங்காமல் 2022-ல் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறை வந்தது. ஆபி இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

ஆனாலும் ஊர் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. ஆற்றங்கரையில் ஆலை விட்டுப்போன 1.6 கோடி டன் கழிவு மணலை மத்திய எரிசக்தித் துறை 2009 முதல் ரயிலில் ஏற்றி, வடக்கே 30 மைல் தள்ளி கிரசென்ட் ஜங்ஷனில் கொண்டுபோய்ப் புதைத்து வந்திருக்கிறது. 2019-ல் நகரமும் கவுண்டியும் புதிய ஓட்டல்களுக்குத் தடை போட்டன. உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பகுதியை ஒதுக்கினால் கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்ளலாம் என்று கவுண்டி அதே ஆண்டு விதியை மாற்றியது.

எனக்குப் பிடித்தது இதையெல்லாம்விடச் சின்ன முயற்சி ஒன்று. பின்னாளில் மோவாபின் மேயரான எமிலி நீஹாஸ் 2010-ல் ‘கம்யூனிட்டி ரீபில்ட்ஸ்’ என்ற லாபநோக்கில்லாத அமைப்பைத் தொடங்கினார். இற்றுப்போன பழைய டிரெய்லர்களில் குடியிருந்தவர்களுக்கு, அவற்றின் இடத்தில் வீடு கட்டித்தருவது அதன் முதல் நோக்கம். வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கி, மேலே களிமண் பூசிக் கட்டுகிறார்கள். கோடை வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போதும் உள்ளே குளுமையாக இருக்கும். வேலை பழக வருகிற இளைஞர்கள் சம்பளத்துக்குப் பதில் தங்குமிடமும் தொழிலும் பெற்று, முழங்கை வரை சேறு பூசிக்கொண்டு சுவர் எழுப்புகிறார்கள். இங்கேயே தங்கிவிடலாமா என்று யோசிக்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். கட்டி முடிக்கும் வீட்டில் குடியேறுவது, பள்ளத்தாக்கில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும், வருமானம் குறைந்த ஒரு குடும்பம்.