டிராக்டர் கூலன்ட் இனிக்கும்: நஞ்சைக் கசக்க வைக்கும் சட்டங்கள் எவ்வளவு தூரம் காக்கும்?

குழந்தைக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவும் பழக்கம் நம் கிராமங்களில் உண்டு. யாரும் அதட்ட வேண்டியதில்லை. ஒரு தடவை வாய் வைத்ததும் குழந்தையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டில் புழங்கும் நச்சுப் பொருட்களிலும் இதே முறையில் கசப்பைச் சேர்க்க வேண்டும் என்று சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து, டிராக்டர் கூலன்ட் என்று எல்லாவற்றையும் திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் வைத்திருக்கும் நமக்கு, அந்தச் சட்டங்கள் எங்கே பலித்தன, எங்கே பலிக்கவில்லை என்று தெரிந்திருப்பது நல்லது.

இனிக்கும் நஞ்சு

டிராக்டர் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் இருக்கும். அது இனிக்கும். பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் கடையில் விற்கும் ஜூஸ் போலவே இருக்கும். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதைப் பல அமிலங்களாக மாற்றுகிறது. கடைசியில் உருவாகும் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சிறு படிகங்களாகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. குடித்தவர் முதலில் போதையேறியவர் போலத் தள்ளாடுவார். பிறகு சற்றுத் தெளிந்தது போலத் தோன்றலாம். ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். மூன்று கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு டீஸ்பூன் அளவே உயிரைப் பறிக்கப் போதுமானது. நாய், கோழி, கன்றுக்குட்டி எதுவும் இதற்கு விலக்கல்ல.

இதற்காகத்தான் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1991-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எத்திலீன் கிளைக்கால் உள்ள கூலன்ட், மெத்தனால் கலந்த கார் கண்ணாடி கழுவும் திரவம் ஆகியவற்றில் வாயில் வைக்க முடியாத ஒரு பொருளைச் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கலிபோர்னியாவில் 2004 முதல் இதே போன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேறு பல மாநிலங்களும் பின்பற்றின. 2012-ல் தயாரிப்பு நிறுவனங்களே அமெரிக்கா முழுவதும் கசப்புச் சேர்த்து விற்க ஒப்புக்கொண்டன.

சேர்க்கும் பொருளின் பெயர் டெனட்டோனியம் பென்சோயேட். 1958-ல் ஸ்காட்லாந்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்து குறித்த ஆய்வின்போது தற்செயலாகக் கிடைத்தது. இதுவரை அறியப்பட்டவற்றில் மிகக் கசப்பான பொருட்களில் ஒன்று. கலிபோர்னியா சட்டப்படி 1,000 கிலோ கூலன்ட்டில் 30 முதல் 50 கிராம் சேர்த்தால் போதும்.

இரண்டாவது வாய்க்குத்தான் கசப்பு

சட்டம் வந்த பிறகு குழந்தைகள் பாதிக்கப்படுவது குறைந்ததா? நச்சு முறிவு ஆலோசனை மையங்களின் பதிவேடுகளை வைத்துச் சட்டம் உள்ள மாநிலங்களையும் இல்லாத மாநிலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காரணம் எளிது. கசப்பு முதல் வாயைத் தடுக்காது, இரண்டாவது வாயைத்தான் தடுக்கும். தவறிக் குடிக்கும் சிறு குழந்தை பெரும்பாலும் ஒரு வாய்தான் குடிக்கிறது. ஆகவே நிறையக் குடித்தால்தான் ஆபத்து என்ற பொருட்களுக்குக் கசப்பு ஓரளவு காவல். ஒரு மடக்கே ஆபத்தான பொருளுக்கு அது காவலே அல்ல. நம் வீடுகளில் இருக்கும் பல பூச்சிமருந்துகள் இரண்டாவது வகை என்பதை மறக்க வேண்டாம்.

எலிமருந்தில் வேறொரு சிக்கல். எலி தின்ன வேண்டும், குழந்தை தின்னக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998-ல் எலிமருந்துகளில் கசப்பும் சாயமும் சேர்க்க வேண்டும் என்று அறிவித்தது. எலிகள் உணவைத் தொடாமல் போகலாம் என்ற வாதம் எழுந்ததால் 2001-ல் கசப்பு நிபந்தனையைத் திரும்பப் பெற்றது. பின்னர் 2008-ல் எடுத்த முடிவின்படி, வீட்டு உபயோகத்துக்கான எலிமருந்தைக் குழந்தையால் திறக்க முடியாத பெட்டியோடு விற்கச் சொன்னது. ஐரோப்பிய நாடுகளிலோ, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலிமருந்துகளில் கசப்புப் பொருள் இருந்தே ஆக வேண்டும். என் கணிப்பில் பெட்டிதான் மேல்.

தமிழ்நாட்டில் எலிமருந்து என்றாலே பற்பசை போல டியூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பசைதான் பலருக்கு நினைவுக்கு வரும். வடையிலும் தக்காளியிலும் தடவி வைத்ததைக் குழந்தைகள் எடுத்துத் தின்ற சம்பவங்கள் ஏராளம். தின்ற அன்று வயிற்றுக்கோளாறு போல வந்து அடங்கிவிடும். ஓரிரு நாள் கழித்துக் கல்லீரல் பழுதாகும். இந்த 3 சதவீதப் பசையைத் தமிழக அரசு தடை செய்துவிட்டது. பழைய டியூப் பரணில் கிடந்தால் அதைக் கொண்டு எலி பிடிக்க வேண்டாம். புரோமடியலோன் கட்டிகளை வைப்பவர்கள் வரப்பில் வளைக்குள்ளும், வீட்டில் இரண்டடி பி.வி.சி. குழாய்த் துண்டின் நடுவிலும் வையுங்கள். எலி நுழையும், கோழியும் குழந்தையின் கையும் எட்டாது. மீதியை மறுநாள் காலை எண்ணி எடுங்கள்.

இலங்கை கண்ட பாடம்

பாராகுவாட் களைக்கொல்லி முதலில் பழுப்பு நிறத்தில், கோலா பானம் போலவே இருந்தது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்ததைத் தெரியாமல் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் நீலச் சாயம், துர்நாற்றம், வாந்தி வரவைக்கும் மருந்து ஆகிய மூன்றையும் சேர்த்தார்கள். இலங்கையில் 2004-ல் இன்னும் ஒரு படி போய், வாந்தி மருந்தை அதிகரித்து, வயிற்றில் கூழாக உறையும் பொருளையும் சேர்த்து விற்றார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மூன்று மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாக உயர்ந்தார்கள். முன்னேற்றம்தான். ஆனால் பத்தில் ஆறு பேருக்கு மேல் பிழைக்கவில்லையே! 2008-ல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, 2011-க்குள் அந்நாடு பாராகுவாட்டை அறவே நிறுத்தியது. அதனால் விளைச்சல் சரிந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. சில நஞ்சுகளின் சுவையை மாற்றிப் பயனில்லை, அவற்றைக் கடையிலிருந்தே எடுக்க வேண்டும்.

சாயத்தை நம்பலாமா என்றால், ஈராக்கைப் பாருங்கள். 1971-72-ல் பாதரச மருந்து நேர்த்தி செய்த கோதுமை, பார்லி விதைகள் அங்கே இறக்குமதியாகின. எச்சரிக்கையாகச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மூட்டையில் எழுதியிருந்ததோ ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும். விதைப்புப் பருவம் தாண்டி வந்த விதையை மக்கள் கழுவினார்கள். சாயம் போயிற்று, நஞ்சும் போய்விட்டது என்று நம்பி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 459 பேர் இறந்தார்கள். மக்காச்சோளம், பருத்தி விதைப் பாக்கெட்டில் மிஞ்சும் சாய விதையைக் கழுவிக் கோழிக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நேர்த்தி செய்த நெல் மிஞ்சினாலும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ வைக்கக் கூடாது.

நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், டப்பாவின் மீது சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் மூலம் நச்சின் வீரியத்தைக் காட்டச் சொல்கின்றன. மருந்து தன் டப்பாவில் இருக்கும்வரைதான் முக்கோணம் பேசும். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது.

எனவே மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலுக்கோ குவார்ட்டர் பாட்டிலுக்கோ மாற்றாதீர்கள். அரை லிட்டர் வேண்டுமென்றால் கால் லிட்டர் டப்பாவாக இரண்டு வாங்குங்கள். பழைய தகரப் பெட்டி ஒன்றுக்குப் பூட்டுப் போட்டு, அடுப்பங்கரைக்கும் தீவன மூட்டைக்கும் தள்ளி வையுங்கள். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவைக் குத்தி ஓட்டையாக்குங்கள். மண்ணெண்ணெய்க்கும் இதே விதிதான். கூலன்ட் மாற்றும்போது இறக்கியதைத் திறந்த சட்டியில் களத்தில் விடாமல் மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதை மண் போட்டு அள்ளுங்கள்.

அப்படியும் யாராவது குடித்துவிட்டால் உப்புக்கரைசல், சாணித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மண்ணெண்ணெயாக இருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. குடித்த மருந்தின் டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மாற்று மருந்தைத் தொடங்க முடியும். கூலன்ட்டுக்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் சிறுநீரகம் பழுதாகும் முன் கொடுத்தால்தான் அது முழுப் பலன் தரும். ஆள் தெளிவாக இருக்கிறாரே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.