கொடைக்கானல் குளிரில் 'ஏமாற்றும்' ரத்த டெஸ்ட்: மூட்டு வாத நோயாளிகளுக்கு கை கொடுக்கும் 5 நிமிட பரிசோதனை

கொடைக்கானல்:
மூட்டு வாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது ஈ.எஸ்.ஆர். டெஸ்ட். மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கம் பூண்டு, கேரட் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள், இதற்காக பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, ரிசல்ட் வாங்கி, டாக்டரை பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து விடும். அன்றைய கூலி போச்சு.

ஏன் இவ்வளவு நேரம்?
ரத்தத்தை 200 மி.மீ. அளவு குறித்த குழாயில் ஏற்றி நேராக நிறுத்துவார்கள். 1 மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மி.மீ. இறங்கியது என்பதுதான் ரிசல்ட். உடம்பில் அழற்சி இருந்தால் அணுக்கள் அடுக்கி வைத்த காசு போல ஒட்டிக்கொண்டு மளமளவென இறங்கும். சுவீடன் டாக்டர் வெஸ்டர்கிரென் 1921-ல் வகுத்த முறை இது.

மலையில் எடுத்த ரத்தத்தை டவுனுக்கு அனுப்பலாமே என்றால், 4 மணி நேரத்துக்குள் டெஸ்ட் தொடங்கியாக வேண்டும். மலைப்பாதை பஸ்சை நம்பி அதை செய்ய முடியுமா?

குளிர் செய்யும் குழப்பம்
இந்த டெஸ்டுக்கு அறை வெப்பம் 18 முதல் 25 டிகிரி இருக்க வேண்டும். கொடைக்கானலோ 7 ஆயிரம் அடி உயரம். மார்கழி, தையில் உறைபனி கொட்டும். அறை சில்லென்று இருந்தால் அணுக்கள் மெதுவாகத்தான் இறங்கும். மூட்டு வீங்கியிருந்தும் ரிசல்ட் குறைவாக காட்டும். குழாய் 3 டிகிரி சாய்ந்தாலோ 30 சதவீதம் வரை கூடிவிடும். ரத்த சோகை இருந்தாலும் கூடும். நம்ம ஊர் பெண்களுக்கு ரத்த சோகை பற்றி சொல்லவே வேண்டாம்!

சாய்ந்தால் வேகம் கூடும் என்பதையே சாதகமாக்கி, அரை மணி நேரத்துக்குள் அளந்து சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. வெப்பநிலைக்கு ஏற்ப கணக்கை சரிசெய்யும் கருவிகளும் உண்டு.

விரல் நுனியில் ரிசல்ட்
அதைவிட வேகம் சி.ஆர்.பி. கொரோனா காலத்தில் பலருக்கும் பழகிய பெயர்தான். அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. விரலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் போதும். சிறிய கருவிகள் 5 நிமிடத்துக்குள் அளவை சொல்லிவிடும். நோய் அடங்கினால் சுமார் 19 மணி நேரத்தில் பாதியாக குறையும். ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகும்.

ஆனால் காய்ச்சல், சளி வந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் கல்லீரல், ரத்த அணு டெஸ்டுகளையும் எடுத்தே ஆக வேண்டும். அளவு குறைந்துவிட்டது என்று மாத்திரையை தானாக நிறுத்தக்கூடாது. டாக்டரை பார்க்க போகும்போது பழைய ரிசல்ட் சீட்டுகளை கையோடு எடுத்துச் செல்வது நல்லது.