இருதயத்தைக் குலைத்த வயிற்று மருந்து

யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடையில், உயர்நீதிமன்றக் கிளைக்கு வந்த கட்சிக்காரரும் மேலூர்ப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குடியானவரும், நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவது சர்வசாதாரணம். வயிற்று மாத்திரை இருதயத்தை என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு, ஸிஸாப்பிரைடு என்ற மருந்தின் சரித்திரத்தை எடுத்துரைப்பது நமது கடமையாகிறது.

நெஞ்செரிச்சலுக்கென 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, இருதயத் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை அடைக்க வல்லது. ஒரு துடிப்புக்குப் பின் இருதயம் மறு துடிப்புக்குச் சித்தமாகும் காலம் இதனால் நீளுகிறது. அப்போது மின்விசையின் ஒழுங்கு கெடுமாயின், இருதயம் வெகு வேகமாகத் துடிக்குமேயன்றி இரத்தத்தைச் சரிவரச் செலுத்தாது. நோயாளி மூர்ச்சித்து விழுவார், சிலர் எழுவதேயில்லை. இம்மருந்தோடு எரித்ரோமைசினோ, படைக்கு உண்ணும் கீட்டோகோனஸோலோ சேர்ந்துவிட்டால் அபாயம் பன்மடங்காகும். ஸிஸாப்பிரைடைச் சிதைக்கும் கல்லீரலின் வேலையை அவை தடுத்துவிட, அது இரத்தத்தில் மிகுந்துவிடுகிறது.

2000 மார்ச்சில் கனடாவில் இம்மருந்தை உண்டுவந்த வனெஸா யங் என்ற 15 வயதுச் சிறுமி, இருதயம் நின்று மாண்டாள். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவில் பொது விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் அந்நாட்டு மருந்து இலாகாவுக்கு 341 இருதயக் கோளாறுகள் அறிவிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 80 மரணங்கள். கனடா 2014-ல் இயற்றிய மருந்துப் பாதுகாப்புச் சட்டம் வனெஸாவின் பெயராலேயே வழங்குகிறது.

நம் நாட்டிலோ? 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-ஏ பிரிவு, ஆபத்தான மருந்தை விலக்க மத்திய சர்க்காருக்குத் தெளிவான அதிகாரம் அளிக்கிறது. அதிகாரம் இருந்தும், ஸிஸாப்பிரைடை விலக்கும் உத்தரவு பிறந்தது 2011 பிப்ரவரியில்! அமெரிக்கர் கைவிட்டுப் பத்தரை ஆண்டுகளுக்குப் பின்னர். அமெரிக்கரின் இருதயம் வேறு, மதுரை ஜில்லா உழவரின் இருதயம் வேறோ? இத்தாமதத்துக்கு நியாயமான சமாதானம் எதையும் நாம் காணோம்.

ஸிஸாப்பிரைடு ஒழிந்தது, வாந்திக்குத் தரப்படும் டாம்பெரிடோன் இன்றும் புழக்கத்தில் உள்ளது. இருதயத் துடிப்பைக் கெடுக்கும் குணம் சிறிதளவில் அதற்கும் உண்டு என்பதால், ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் 2014-ல் அதைப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் என வரையறுத்தனர். இங்கோ, அமிலம் குறைக்கும் மருந்தோடு அதைச் சேர்த்த மாத்திரையை, பழைய சீட்டை நீட்டி மாதக்கணக்கில் உண்பவர் உளர். வேறென்ன மருந்து உண்கிறீர் என்று கடைக்காரர் கேட்பதுமில்லை, இவர் சொல்வதுமில்லை. மருந்தால் மயக்கமோ படபடப்போ நேர்ந்தால் முதலில் டாக்டரிடம் ஓடவேண்டும். பின்னர், 2010-ல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற எண்ணில் கட்டணமின்றி அறிவிக்கலாம். டாக்டரே அறிவிக்கவேண்டும் என்பதில்லை, நோயாளியும் அறிவிக்கலாம்.